கேள்வி நின்றுபோன நிமிடம்: குற்றத் தொடர்களில் விசாரணை அதிகாரியின் மனம்

விசாரணை அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் சந்தேக நபர், இந்தப் பக்கம் நாயக அதிகாரி. அவர் மேஜையை ஓங்கி அடித்து, "நீதான் செஞ்சே, எனக்குத் தெரியும்" என்கிறார். பின்னணி இசை ஏறுகிறது. தொலைக்காட்சிக் குற்றத் தொடர் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். இதில் கவனிக்க வேண்டியது "எனக்குத் தெரியும்" என்ற இரண்டு சொற்களைத்தான். அதைச் சொல்லும்போது அவர் கையில் இருக்கும் சான்று பெரும்பாலும் பாதிதான் இருக்கும். மீதிப் பாதியை அவருடைய கோபமோ, பழைய காயமோ, முதல் நாளே மனதில் விழுந்த ஓர் எண்ணமோ நிரப்பியிருக்கும்.

உணர்ச்சியும் மனச்சாய்வும் விசாரணைக்குள் எப்படி நுழைகின்றன, எந்த இடத்தில் சேதம் செய்கின்றன, தொடர் பார்க்கும்போது அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே பார்ப்போம். உளவியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

உணர்ச்சி என்பது அந்த நேரத்தில் உடம்பிலும் மனதிலும் ஓடுவது: கோபம், துக்கம், பயம், குற்றவுணர்வு, இரக்கம். மனச்சாய்வு என்பது தராசின் ஒரு தட்டு முன்கூட்டியே தாழ்ந்திருப்பது. சாய்வு இருப்பவருக்கு அது தெரியாது. தராசு நேராக இருப்பதாகவே அவர் நம்புவார். உணர்ச்சி வந்து போகும், சாய்வு தங்கிவிடும். இரண்டும் சேரும்போதுதான் கேஸ் கெடுகிறது. கோபத்தில் எடுத்த ஒரு முடிவை, கோபம் தணிந்த பிறகும் சாய்வு காப்பாற்றிக்கொண்டே இருக்கும்.

நேர்மை கெட்ட அதிகாரிக்குத்தான் இது வரும் என்று பல தொடர்கள் காட்டுகின்றன. லஞ்சம் வாங்குபவர், சாதியோ நிறமோ பார்ப்பவர் எல்லாம் எளிதில் அடையாளம் தெரியும் வில்லன்கள். ஆனால் கெட்டிக்காரராகவும் நேர்மையாளராகவும் இருப்பவரிடமும் சாய்வு அதே வேகத்தில் வேலை செய்யும். நல்ல தொடரை அடையாளம் காட்டுவதே இதுதான்: நாம் நேசிக்கும் பாத்திரம் நம் கண்ணெதிரே தப்பான ஆளைத் துரத்தும், நாமும் கூடவே ஓடிக்கொண்டிருப்போம்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்

எல்லாச் சாய்வுகளுக்கும் தாய் ஒன்று உண்டு. உளவியலில் அதை உறுதிப்படுத்தல் சார்பு என்பார்கள். ஒரு எண்ணம் வந்துவிட்டால் அதற்கு ஆதரவானதை மட்டும் தேடுவது, எதிரானதைத் தள்ளிவிடுவது.

1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் இதை மூன்று எண்களால் காட்டினார். 2, 4, 6 என்று கொடுத்து, "இந்த வரிசை ஒரு விதிக்கு உட்பட்டது; நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பாருங்கள், விதிக்குப் பொருந்துகிறதா என்று நான் சொல்கிறேன், பிறகு விதியைக் கண்டுபிடியுங்கள்" என்றார். கலந்துகொண்டவர்கள் 8, 10, 12 என்பது போலக் கேட்டார்கள். பொருந்துகிறது என்று பதில் வந்தது. உடனே "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று விதியை அறிவித்தார்கள். தவறு. உண்மையான விதி மிக எளிது: ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்தும். 29 பேரில் 6 பேர்தான் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னார்கள். மற்றவர்களில் பலர் தம் ஊகத்தை உடைக்கக்கூடிய ஒரு வரிசையைக் கேட்டுப் பார்க்கவே இல்லை. 1, 2, 9 என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும், ஊகம் உடைந்திருக்கும்.

விசாரணையும் இந்த விளையாட்டுத்தான், பணயம் மட்டும் ஒரு மனிதனின் வாழ்க்கை.

ஒரு கற்பனை அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். எழுபது வயது இசை ஆசிரியை ஒருவர் தன் வீட்டில் கொலையாகிக் கிடக்கிறார். அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். கடன் இருக்கிறது. சாவுச் செய்தி கேட்டு அவன் அழவில்லை. கண்ணாடி டம்ளரில் அவன் கைரேகை. அன்றிரவு எங்கே இருந்தான் என்பதில் பொய் சொல்லியிருக்கிறான். பதினைந்தாவது நிமிடத்திலேயே அதிகாரியும் நாமும் முடிவுக்கு வந்துவிடுவோம்.

இப்போது ஒவ்வொரு தடயத்தையும் எடுத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இவன் கொலைகாரனாக இருந்தால் இந்தத் தடயம் கிடைக்குமா? இவன் நிரபராதியாக இருந்தாலும் இதே தடயம் கிடைக்குமா? முதல் கேள்வியை எல்லா அதிகாரிகளும் கேட்பார்கள். இரண்டாவதை மறப்பதுதான் நோய்.

கைரேகையைப் பாருங்கள். வாரந்தோறும் சித்தி வீட்டுக்கு வருகிறவன் அவன். கொலை செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் டம்ளரில் அவன் ரேகை இருக்கும். ஆகவே இந்தத் தடயத்தின் எடை கிட்டத்தட்ட சுழியம், ஆய்வுக்கூடக் காட்சி எவ்வளவு நீல வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருந்தாலும் சரி. அழாமல் இருந்ததற்கும் எடை இல்லை. அதிர்ச்சியில் உறைந்துபோவது துக்கத்தின் வழக்கமான வடிவங்களில் ஒன்று. கடனுக்குக் கொஞ்சம் எடை உண்டு, ஆனால் கடன் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. பொய்க்கு இன்னும் சற்று அதிக எடை. ஆனாலும் கொலையை மறைக்க மட்டுமா மனிதர்கள் பொய் சொல்கிறார்கள்? சூதாட்டத்தை, கள்ள உறவை, வேலை போன செய்தியை மறைக்கவும் சொல்வார்கள். அவன் செருப்பின் அடிப்பள்ளத்தில் சித்தியின் இரத்தம் இருந்தால், அது வேறு கதை. நிரபராதியிடம் அது இருப்பதற்கு வழி மிகக் குறைவு, எடை மிக அதிகம். எடை குறைந்த நான்கு தடயங்களை அடுக்கினால் எடையுள்ள ஒரு தடயம் ஆகிவிடாது. ஆனால் தொடரில் எல்லாத் தடயங்களுக்கும் ஒரே நெருக்கக் காட்சி, ஒரே இசை. அதனால்தான் அவை நம் மனதில் ஒன்றாகக் கூடிவிடுகின்றன.

இதைவிட ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. அவன் சட்டையில் இரத்தம் கிடைக்கவில்லை என்று ஆய்வறிக்கை வருகிறது. அதிகாரி சொல்கிறார்: "துவைச்சிருப்பான், பயங்கரமான ஆளு." இரத்தம் இருந்தால் குற்றவாளி, இல்லையென்றால் தந்திரசாலியான குற்றவாளி. என்ன கிடைத்தாலும் அவன்தான் என்று ஆகிவிட்ட பிறகு நடப்பதை விசாரணை என்று சொல்ல முடியாது. தொடர் பார்க்கும்போது இந்த வசனம் வரும் நிமிடத்தைக் குறித்துவையுங்கள். கேள்வி நின்றுபோனது அங்கேதான்.

எந்த உணர்ச்சி எதைச் செய்யும்

கோபம் தெளிவைக் கொடுப்பது போன்ற ஒரு மயக்கத்தை உண்டாக்கும். கோபப்பட்டவருக்குச் சந்தேகம் குறையும், நிச்சயம் கூடும், யாராவது ஒருவர் மேல் பழி விழுந்தே ஆக வேண்டும் என்று மனம் அவசரப்படும். ஸ்வீடனில் அனுபவமுள்ள காவல் விசாரணையாளர்களை வைத்து 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோகமான மனநிலையில் இருந்தவர்கள் சாட்சியின் வாக்குமூலம் வழக்கின் மைய ஊகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைக் கணக்கில் எடுத்துச் சாட்சியை மதிப்பிட்டார்கள். கோபத்தில் இருந்தவர்களின் மதிப்பீட்டில் அந்த வேறுபாடு தெரியவில்லை. கோபம் வந்தால் சாட்சி என்ன சொல்கிறார் என்பதே காதில் சரியாக ஏறாது என்று இதை எளிமையாகப் புரிந்துகொள்ளலாம்.

பழைய காயம்தான் தொடர்களுக்கு மிகப் பிடித்த சரக்கு. சிறுவயதில் தங்கை காணாமல் போனாள்; இன்று ஒரு சிறுமி காணாமல் போன கேஸ் வருகிறது. அதிகாரி வீட்டுக்குப் போகாமல், தூங்காமல் உழைக்கிறார். தொடர் இதைத் தியாகமாகக் காட்டும். உள்ளே நடப்பது வேறு. அவர் இந்தச் சிறுமியின் கேஸை விசாரிக்கவில்லை, தங்கையின் கேஸை இரண்டாம் முறை விசாரித்துக்கொண்டிருக்கிறார். தங்கையைத் தூக்கிப் போனவன் அடுத்த வீட்டுக்காரன் என்றால், இந்தக் கேஸிலும் அவர் கண் அடுத்த வீட்டுக்குத்தான் போகும். இந்தச் சிறுமி தன் விருப்பத்தில் வீட்டைவிட்டுப் போயிருக்கலாம், உறவினர் ஒருவர் அழைத்துப் போயிருக்கலாம் என்ற வாசல்கள் திறக்கப்படாமலே கிடக்கும். தூக்கமின்மை வேறு சேர்ந்துகொள்ளும். களைத்த மனம் புதிய ஊகத்தை உருவாக்க மறுத்து, கையில் இருப்பதையே பிடித்துக்கொள்ளும்.

குற்றவுணர்வுக்குப் பிடிவாதம் அதிகம். முதல் புகாரை அலட்சியம் செய்த அதிகாரி, பிறகு கொலை நடந்ததும் யாரையாவது உள்ளே தள்ளியே ஆக வேண்டும் என்ற வெறியோடு இறங்குவார். மேலதிகாரியின் அழுத்தமும் ஊடகத்தின் நெருக்கடியும் இதையே வெளியிலிருந்து செய்யும்.

இரக்கத்தை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை, அதனாலேயே அது நீண்ட தூரம் போய்விடும். நன்றாகப் பேசுகிற, படித்த, அதிகாரிக்கு நண்பரைப் போன்ற சாட்சியின் வாக்குமூலம் சரிபார்க்கப்படாமலே கோப்பில் ஏறும். நண்பரே சந்தேக நபரானால் அதிகாரி அந்தக் கேஸிலிருந்து விலகுவதுதான் முறை. தொடரில் அவர் விலகுவதில்லை. விலகினால் கதை இல்லை. நாடகத்துக்காக அதை மன்னிக்கலாம், ஆனால் அது சரியான நடைமுறை என்று மனதில் பதிந்துவிடக் கூடாது.

விசாரணை அறைக்குள்

"பொய் சொல்றவன் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவேன்" என்று சொல்லாத தொலைக்காட்சித் துப்பறிவாளர் அரிது. பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பற்றி நடந்த ஏராளமான ஆய்வுகளை 2006-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரித் துல்லியம் சுமார் 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டால் 50. 2005-இல் அமெரிக்காவில் சிறைக்கைதிகளின் உண்மை வாக்குமூலங்களையும் பொய் வாக்குமூலங்களையும் மாணவர்களிடமும் காவல் அதிகாரிகளிடமும் காட்டினார்கள். மாணவர்களே அதிகம் சரியாகச் சொன்னார்கள். அதிகாரிகளுக்கோ தங்கள் தீர்ப்பின் மேல் நம்பிக்கை அதிகமாக இருந்தது.

இன்னும் உறுத்தலான ஆய்வு 2003-இல் வந்தது. 100 டாலர் திருடுவது போன்ற பாவனைக் குற்றம். சிலர் திருடினார்கள், சிலர் திருடவில்லை. விசாரிப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, எதிரில் இருப்பவர் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற எண்ணம் முன்பே ஊட்டப்பட்டது. அவர்கள் குற்றத்தை உறுதியாக்கிக்கொண்டே கேள்வி கேட்டார்கள், கடுமையாக நெருக்கினார்கள். நெருக்கடி மிக அதிகமாக விழுந்தது நிரபராதிகள் மேல்தான். காரணம் எளிது: நிரபராதி உண்மையாக மறுக்கிறார், மறுக்க மறுக்க "அழுத்தக்காரன்" என்று இன்னும் அழுத்தப்படுகிறார். அந்த நெருக்கடியில் அவர் தடுமாறிப் பேசியதைப் பதிவில் கேட்ட மூன்றாம் ஆட்களுக்கு, அவர் சற்றுக் கூடுதலாகவே குற்றவாளி போலத் தோன்றினார். அதிகாரியின் சந்தேகமே அதற்கான சான்றைத் தயாரித்துக்கொண்டது.

கேள்வியின் சொல்லும் நினைவை மாற்றும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் கார் விபத்துப் படங்களைக் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு சுமார் 41 மைல் என்றார்கள். "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சுமார் 32 என்றார்கள். எல்லாரும் பார்த்தது ஒரே படங்களைத்தான். ஆகவே "அந்த உயரமான ஆளை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" என்று அதிகாரி கேட்டால், உயரத்தை அவரே சாட்சியின் நினைவுக்குள் வைத்துவிடுகிறார். "அன்னைக்கு ராத்திரி பார்த்ததை முதலிலிருந்து சொல்லுங்க" என்பதுதான் சுத்தமான கேள்வி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-களின் தொடக்கத்தில், ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டுவிட்டுத் தகவல் திரட்டுவதை இலக்காக வைத்த நேர்காணல் முறை கொண்டுவரப்பட்டதற்கு, கட்டாயப்படுத்திப் பெற்ற வாக்குமூலங்களால் நிரபராதிகள் சிறை சென்றது ஒரு முக்கியக் காரணம்.

தொடரில் ஒப்புதல் வாக்குமூலம் வந்ததும் கதை முடிந்துவிடும். நீங்கள் மட்டும் ஒருமுறை பின்னால் ஓட்டிப் பாருங்கள். உதாரணமாக, கொலைக்குப் பயன்பட்டது "பச்சைக் கயிறு" என்று முதலில் சொன்னது யார்? கொலைகாரனுக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரம் என்று அதிகாரி பெருமைப்படும் அந்தச் செய்தி, பத்து நிமிடம் முன்பு அவர் வாயிலிருந்தே வந்திருக்கும், அல்லது மேஜைமேல் அவர் பரப்பிய புகைப்படத்தில் இருந்திருக்கும்.

ஆய்வுக்கூடமும் தப்பவில்லை

மனிதன் தவறுவான், அறிவியல் தவறாது என்று தொடர்கள் சொல்லும். 2004 மார்ச் 11-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பின் கிடைத்த ஒரு பையில் இருந்த கைரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருந்த ஒரு வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர் சுமார் இரண்டு வாரம் காவலில் இருந்தார். ஸ்பெயின் காவல்துறை அதே ரேகை வேறொருவருடையது என்று கண்டுபிடித்த பிறகே தவறு வெளிவந்தது. சரிபார்த்த நிபுணர்கள், முதலில் பார்த்தவர் என்ன முடிவு சொன்னார் என்பது தெரிந்த பிறகே பார்த்திருந்தார்கள்.

2006-இல் இட்டியல் ட்ரோர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து கைரேகை நிபுணர்களிடம், பல ஆண்டுகளுக்கு முன் அவர்களே "பொருந்துகிறது" என்று சொன்ன ரேகை இணைகளை, "இதுதான் மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்டது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று பேர் இப்போது "பொருந்தவில்லை" என்றார்கள். ஒருவர் முடிவு சொல்ல முடியாது என்றார். ஒருவர் மட்டுமே பழைய முடிவில் நின்றார். ரேகை மாறவில்லை, கூடச் சொன்ன கதைதான் மாறியது.

ஆகவே அதிகாரி ஆய்வுக்கூடத்துக்குள் ஓடிவந்து, "அவன்தான் செஞ்சான், ஒத்துக்கிட்டான், டெஸ்ட்டை மட்டும் சீக்கிரம் முடிங்க" என்று சொல்லும் காட்சியைப் பார்த்தால் பதறுங்கள். ஆய்வாளருக்குத் தேவை மாதிரி மட்டும். யார் சந்தேக நபர், அவர் ஒப்புக்கொண்டாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. குற்ற இடத்தில் கிடைத்த ரேகையை முதலில் தனியே ஆராய்ந்து குறிப்பெழுதிவிட்டு, அதன் பிறகே சந்தேக நபரின் ரேகையோடு ஒப்பிட வேண்டும் என்ற வரிசைமுறை இதற்காகத்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

முதல் துப்பு நங்கூரமானால்

இங்கிலாந்தின் யார்க்ஷர் தொடர்கொலை வழக்கு இதற்குக் கசப்பான உதாரணம். 1975 முதல் 1980 வரை பீட்டர் சட்க்ளிஃப் 13 பெண்களைக் கொன்றான். 1978, 1979-இல் கொலைகாரன் எழுதியதாகச் சொல்லும் கடிதங்களும், 1979 ஜூனில் ஓர் ஒலிநாடாவும் விசாரணைத் தலைமைக்கு வந்தன. நாடாவில் இருந்த குரலுக்கு வடகிழக்கு இங்கிலாந்தின் வியர்சைட் பகுதி உச்சரிப்பு. கொலைகாரன் அந்தப் பகுதிக்காரன் என்று தலைமை முடிவு செய்தது. அந்த உச்சரிப்பு இல்லாதவர்கள் சந்தேக வளையத்திலிருந்து நழுவினார்கள். சட்க்ளிஃப் யார்க்ஷர்க்காரன். விசாரணைக் காலத்தில் காவல்துறை அவனை ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டது. நாடா வந்த பிறகு மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1981 ஜனவரியில் காரில் போலி எண் பலகை மாட்டியிருந்ததற்காகப் பிடிபட்டபோதுதான் அவன் சிக்கினான். கடிதமும் நாடாவும் அனுப்பியவன் சம்பந்தமே இல்லாத ஒரு ஏமாற்றுக்காரன். கடித உறையில் இருந்த டி.என்.ஏ. வழியாகப் பிடிபட்டு 2006-இல் 8 ஆண்டு தண்டனை பெற்றான்.

அதே வழக்கில் இன்னொரு சாய்வும் இருந்தது. கொல்லப்பட்டவர்களில் பாலியல் தொழிலாளர்களை ஒரு விதமாகவும் மற்றவர்களை "அப்பாவிப் பெண்கள்" என்றும் அதிகாரிகள் பிரித்துப் பேசினார்கள். அப்போது பயன்படுத்திய மொழிக்காக 2020-இல் மேற்கு யார்க்ஷர் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. செத்தவரின் மதிப்பைப் பொறுத்து விசாரணையின் வேகம் மாறுவதைவிட நெஞ்சைச் சுடும் அநீதி வேறு உண்டா? தொடர்களில் இதைத் தேடுவது சுலபம்: எந்தப் பிணத்துக்குப் பெயர் இருக்கிறது, எந்தப் பிணத்துக்கு எண் மட்டும் இருக்கிறது என்று பாருங்கள்.

அணியில் ஒருவர் "இல்லை" என்றால்

நாயகர் தப்பான ஆளைத் துரத்தும்போது, ஓர் இளநிலை அதிகாரி தயங்கித் தயங்கி, "மேடம், நேரம் பொருந்தலையே" என்பார். மேடம் முறைப்பார். அந்தத் தயக்கம் உண்மையானது. பதவி வித்தியாசம் அதிகமுள்ள இடத்தில் சந்தேகம் கீழேயே தங்கிவிடும். ஒருவரைக் குறிப்பிட்டு நியமித்து, "இந்த ஊகத்தை உடைப்பதுதான் இன்று உங்கள் வேலை" என்று சொல்லிவிட்டால், முறைப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. அது அவர் கடமையாகிவிடுகிறது. அதோடு, தலைமை அதிகாரி கூட்டத்தில் கடைசியாகப் பேச வேண்டும். முதலில் அவர் பேசினால் மற்றவர்கள் அதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வார்கள்.

பேனாவோடு ஓர் அத்தியாயம்

ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நிமிடத்தோடு தடயம். இரண்டாவதில், சந்தேக நபர் நிரபராதியாக இருந்தாலும் அது இருக்குமா என்பதற்கு ஆம், இல்லை, தெரியாது. மூன்றாவதில் அந்த நேரத்தில் அதிகாரியின் மனநிலை, ஒரே சொல்லில். ஒரு அத்தியாயத்துக்கு எட்டுப் பத்து வரிகள் போதும். தடயம் ஒவ்வொன்றுக்கும் எழுத முயலாதீர்கள். அதிகாரியின் நம்பிக்கை ஒரு படி ஏறும் இடங்களை மட்டும் எழுதுங்கள்.

முடிந்ததும் மூன்றாம் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு முதல் இரண்டையும் வாசியுங்கள். நம்பிக்கை ஏறிய இடத்தில் இரண்டாம் பத்தியில் "இல்லை" என்று இருந்தால், சான்றுதான் அவரை நகர்த்தியிருக்கிறது. "ஆம்" என்று இருந்தும் நம்பிக்கை ஏறியிருந்தால், கையை எடுத்துப் பாருங்கள். காரணம் மூன்றாம் பத்தியில் இருக்கும்.

தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை, முடிவு தெரிந்த பிறகு பத்தியை நிரப்புவது. கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால், அவனுக்கு எதிரான தடயங்கள் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்ததுபோல் தோன்றும். இதற்குப் பின்னறிவுச் சார்பு என்று பெயர். அதனால் படத்தை நிறுத்தி நிறுத்தி அப்போதே எழுதுங்கள், எழுதியதைத் திருத்தாதீர்கள். அதே அத்தியாயத்தை ஒரு வாரம் கழித்து, இந்த முறை ஒலியை அணைத்துவிட்டு வசன வரிகளோடு மட்டும் பாருங்கள். இசை இல்லாதபோது இரண்டாம் பத்தியில் எத்தனை விடைகள் மாறுகின்றன என்பதைப் பழைய தாளின் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.